ஒரு மீன்கொத்தி, இரண்டு சென்சார்

மேசைமேல் இரண்டு கேமராக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1. வலப்பக்கம் நிகான் இசட் 8. இரண்டும் மிரர்லெஸ், அதாவது காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி இல்லாதவை. இரண்டும் படமெடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களை நினைத்துச் செய்தவை. முதலாவது 2022-ல் வந்தது. பேட்டரியும் கார்டும் சேர்த்து 599 கிராம். இரண்டாவது 2023-ல் வந்தது. அதே கணக்கில் 910 கிராம். லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால்தான் பெரிய வித்தியாசம் கண்ணில் படும். ஓஎம்-1-ன் சென்சார், அதாவது படம் பதியும் தகடு, ஏறக்குறைய 17.3 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இசட் 8-ன் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஒரு தபால்தலை அளவு.

இவற்றில் எது நல்லது என்று யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "பெரிய சென்சார்தான், அதில் என்ன சந்தேகம்?" என்பது ஒன்று. "இந்தக் காலத்தில் சென்சார் அளவெல்லாம் ஒரு விஷயமா?" என்பது இன்னொன்று. நான் முதலில் ஒன்றை நம்பினேன், பிறகு மற்றதை நம்பினேன், இரண்டுமே என்னைக் கைவிட்டன. விஷயம் சென்சாரில் பாதி இருக்கிறது, மீதிப் பாதி லென்ஸின் வாயில் இருக்கிறது. அந்த வாய்க்கு வருவதற்குள் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம்.

பெயரை நம்பாதீர்கள்

36-க்கு 24 மி.மீ. சென்சாரை 'ஃபுல் ஃபிரேம்' என்கிறோம். கேட்டால் ஏதோ அதுதான் முழுசு, மற்றதெல்லாம் குறை என்பது போல இருக்கும். உண்மையில் அது சினிமாச் சுருளில் இருந்து வந்த அளவு. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு சட்டம் 18-க்கு 24 மி.மீ. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்ற பொறியாளர் அதே சுருளைப் படுக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சட்டத்தின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 24-க்கு 36 ஆகிவிட்டது. அந்த லைக்கா கேமரா 1925-ல் வெளிவந்தபோது மற்றவர்கள் கையில் இருந்த கேமராக்களின் படச்சட்டம் இதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. இந்த அளவுக்கு ஜெர்மன் மொழியில் இன்றும் 'கிளைன்பில்ட்' என்றுதான் பெயர். 'சின்னப் படம்' என்று அர்த்தம். அன்றைய சின்னதுதான் இன்றைய ஃபுல்.

மற்றதன் பெயர் 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்'. அதில் வரும் 'ஃபோர் தேர்ட்ஸ்', அதாவது 4/3 அங்குலம் என்பது பழைய வீடியோ கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைச் சொல்லும் கணக்கு. குழாயில் படம் விழுந்த பகுதி அதைவிடச் சிறியது. இந்தச் சென்சாரின் மூலைவிட்டம் 21.6 மி.மீ., அதாவது ஓர் அங்குலம்கூட இல்லை. 'மைக்ரோ' என்ற ஒட்டும் சென்சாரைச் சொல்வதில்லை. 2008-ல் ஒலிம்பஸும் (இன்றைய ஓஎம் சிஸ்டத்தின் தாய்வீடு) பானாசோனிக்கும் சேர்ந்து, பழைய ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் இருந்த அந்த உள்கண்ணாடியை எடுத்துவிட்டு, லென்ஸைச் சென்சாருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். சுருங்கியது கேமராவின் உடம்பு. சென்சார் அதே அளவில்தான் இருந்தது. நாம் இன்று மிரர்லெஸ் என்று சொல்லும் வகைக் கேமராக்களின் ஓட்டம் அங்கே தொடங்கியது. ஃபுல் ஃபிரேமில் அது 2013-ல் சோனி ஏ7 வழியாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏபிஎஸ்-சி, மேலே மீடியம் ஃபார்மட் என்று வேறு அளவுகளும் உண்டு. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அதில் சரிபாதிதான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். இந்த 2-க்குத்தான் 'கிராப் ஃபேக்டர்' என்று பெயர். பரப்பளவை எடுத்துக்கொண்டால் 864 சதுர மி.மீ.க்கு எதிரே 225. அதாவது 4 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நீளத்துக்கு 2, பரப்புக்கு 4 என்று நினைவில் வைத்தால் போதும்.

கிராப் ஃபேக்டரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் விடாமல் உலவுகிறது. 300 மி.மீ. லென்ஸை ஓஎம்-1-ல் மாட்டினால் அது 600 மி.மீ. ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. 300 என்பது அந்த லென்ஸின் குவியத் தூரம், அதை எதில் மாட்டினாலும் மாறாது. ஒரு பெரிய படத்தை எடுத்து, ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, சின்ன சென்சார் செய்வது அதுதான். பறவை பெரிதாகவில்லை. சுற்றி இருந்த வானமும் மரமும் போய்விட்டன. அப்படி வெட்டியபின் கிடைக்கும் காட்சியின் அகலம், ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ. தரும் காட்சியின் அகலத்துக்குச் சமம். சொல்லவேண்டியது அவ்வளவுதான்.

மழையும் பாத்திரமும்

மழை பெய்கிறது. முற்றத்தில் ஓர் அகலமான தாம்பாளமும் அதன் பக்கத்தில் சின்னத் தட்டு ஒன்றும் வைக்கிறோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் தண்ணீரின் உயரம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனியே ஒரு சொம்பில் ஊற்றினால் தாம்பாளத்தில் இருந்து வரும் தண்ணீர் பல மடங்கு அதிகம்.

தண்ணீரின் உயரம்தான் எக்ஸ்போஷர். அதனால்தான் எஃப் 4 (லென்ஸின் திறப்பு), 1/500 நொடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 400 (பிரகாசத்தை ஏற்றும் அளவு) என்று இரண்டு கேமராக்களிலும் வைத்தால் படத்தின் பிரகாசம் ஒன்றுபோல வருகிறது. சொம்பில் ஊற்றிய தண்ணீர்தான் மொத்த வெளிச்சம். அதே செட்டிங்கில் ஃபுல் ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 4 மடங்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். 'ஸ்டாப்' என்பது வெளிச்சம் இரட்டிப்பாவதற்குப் பெயர், எனவே இந்த வித்தியாசம் 2 ஸ்டாப்.

மொத்த வெளிச்சம் ஏன் முக்கியம்? வெளிச்சம் சீராக ஒழுகி வருவதில்லை. மழைத்துளி மாதிரி, துளித்துளியாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 100 துளி விழவேண்டும் என்றால் ஒருமுறை 92 விழும், இன்னொருமுறை 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் வர்க்கமூலத்தின் அளவுக்கு இருக்கும். 100 துளிக்கு 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 துளிக்கு 100, அதாவது நூற்றில் ஒரு பங்குதான். நிறையத் துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். கொஞ்சமாக விழுந்தால், சீராக இருக்கவேண்டிய வானம் மணல் தூவியது போல ஆகிவிடும். நாம் 'நாய்ஸ்' என்று திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். அது வெளிச்சத்தின் குணம். எவ்வளவு நல்ல சென்சார் செய்தாலும் முழுதாகப் போகாது. மொத்த வெளிச்சம் 4 மடங்கு குறைந்தால் நாய்ஸ் 2 மடங்கு தூக்கலாகத் தெரியும்.

இத்தோடு நிறுத்தினால் பெரிய சென்சார்காரர்கள் சொன்னதுதான் சரி. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 'அதே எஃப் 4' என்று சொன்னோமே, அதில்தான் சூட்சுமம்.

லென்ஸின் வாய்

எஃப் எண் ஓர் அளவு அல்ல, ஒரு விகிதம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் வாய் அகலம் கிடைக்கும். முன்னால் இருந்து பார்க்கும்போது வெளிச்சம் உள்ளே போகத் திறந்திருக்கும் வட்டத்தின் விட்டம் அது. 300 மி.மீ. எஃப் 4 என்றால் 75 மி.மீ. வாய். 600 மி.மீ. எஃப் 4 என்றால் 150 மி.மீ. வாய். இரண்டும் 'எஃப் 4'தான். ஆனால் ஒன்று குடிநீர்க் குவளை, மற்றது குடம்.

நீங்கள் நின்ற இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் காட்சியில் இருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த வாயின் பரப்பும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும். சென்சார் அந்த வெளிச்சம் பரவி விழும் பாய் மட்டும்தான். ஒரே அகல வாய் வழியாக வந்த வெளிச்சத்தைப் பெரிய பாயில் பரப்பினாலும் சின்னப் பாயில் பரப்பினாலும் மொத்தம் ஒன்றுதான்.

இந்த ஒரு வரி மண்டைக்குள் இறங்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. எண்களோடு பார்த்தால் சீக்கிரம் இறங்கும்.

தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளையில் சிறிய மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. உடல் நீளம் 17 செ.மீ. நம்மிடம் இருந்து 20 மீட்டர் தொலைவு. ஓஎம்-1-ல் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் மாட்டியிருக்கிறோம். இசட் 8-ல் 600 மி.மீ. எஃப் 6.3. இரண்டிலும் காட்சியின் அகலம் ஏறக்குறைய ஒன்று. பறவை பறக்கத் தயாராகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதால் ஷட்டர் இரண்டிலும் 1/1000 நொடி.

ஓஎம்-1-ல் எஃப் 4-க்கு ஐஎஸ்ஓ 800 சரியாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், இசட் 8-ல் எஃப் 6.3-க்கு ஐஎஸ்ஓ 2000 வைக்கவேண்டி வரும். இங்கேதான் ஆள் பதறுவார். 800 எங்கே, 2000 எங்கே! ஆனால் வாயைப் பாருங்கள். முதலாவது 75 மி.மீ. இரண்டாவது 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. பரப்பில் 1.6 மடங்கு. ஐஎஸ்ஓ 2000-ல் எடுத்த படத்துக்குத்தான் அதிக வெளிச்சம் கிடைத்திருக்கிறது. நாய்ஸும் அதில்தான் கொஞ்சம் குறைவாக இருக்கும். 2 ஸ்டாப் என்று பயந்துகொண்டிருந்த வித்தியாசம் இங்கே சுமார் 0.7 ஸ்டாப்பாகச் சுருங்கிவிட்டது. 600 மி.மீ. லென்ஸிலும் வாய் 75 மி.மீ. ஆக இருந்திருந்தால், அதாவது எஃப் 8 ஆக இருந்திருந்தால், வித்தியாசமே இருக்காது. ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் வைத்து இரண்டு அளவுச் சென்சார்களை ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அடுத்தது எடை. 300 எஃப் 4 லென்ஸ், டிரைபாட் பிடியோடு சேர்த்து 1,475 கிராம். 600 எஃப் 6.3 அதே மாதிரி பிடியோடு 1,470 கிராம். தப்பாக எழுதவில்லை, நானும் முதல்முறை பார்த்தபோது திரும்பப் போய்ப் பார்த்தேன். சின்ன சென்சார் என்றால் லென்ஸும் பாதி எடை என்ற நம்பிக்கை இந்த ஜோடியில் உடைந்துபோகிறது. கேமராவோடு சேர்த்தால் 2,074 கிராமுக்கு எதிரே 2,380. தோளுக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. நீளத்தில் மட்டும் சின்னது ஜெயிக்கிறது. 227 மி.மீ.க்கு எதிரே 278.

இதே 600 மி.மீ.யை எஃப் 4 வாயோடு, உள்ளேயே குவியத் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரும் வைத்து நிகான் செய்கிறது. அதன் எடை 3,260 கிராம். 150 மி.மீ. வாய் என்றால் அந்த அளவுக்குக் கண்ணாடி வேண்டும், வேறு வழியில்லை. எடையும் பணமும் வாயைத் தொடர்ந்துதான் போகின்றன.

இன்னொரு ஜோடியையும் காட்டிவிடுகிறேன். ஒலிம்பஸின் 25 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 410 கிராம். நிகானின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 415 கிராம். இரண்டும் தத்தம் கேமராவில் ஒரே அகலக் காட்சியைத் தருகின்றன. 1.2 என்ற எண்ணைப் பார்த்தால் முன்னதுதான் ராஜா. வாயை அளந்தால் முன்னது 21 மி.மீ., பின்னது 28 மி.மீ. மங்கிய அறையில் யார் முகத்தையாவது எடுப்பதானால், கிட்டத்தட்ட அதே எடையில் பின்னது 1.8 மடங்கு வெளிச்சம் வாங்கும்.

பறவைக்குத் திரும்பி வருவோம். வெளிச்சம் மட்டும் போதாது, பறவையின்மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதும் வேண்டும். 20 மீட்டரில் இருக்கும் 17 செ.மீ. பறவை, 300 மி.மீ. லென்ஸ் வழியாகச் சென்சாரில் விழும்போது சுமார் 2.5 மி.மீ. நீளம்தான். ஓஎம்-1-ல் 20 மெகாபிக்சல் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், பறவை ஏறக்குறைய 760 பிக்சல் நீளம் வரும். அதே 300 மி.மீ.யை இசட் 8-ல் வைத்தால், அதன் 45.7 மெகாபிக்சல் பெரிய இடத்தில் பரவியிருப்பதால், 590 பிக்சல்தான். 600 மி.மீ. மாட்டினால் 1,170. ஆக, நீளமான லென்ஸ் இல்லாத ஃபுல் ஃபிரேம் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பின்னால் போனால் சின்ன சென்சாரிடம் தோற்கும். நீளமான லென்ஸோடு போனால் நன்றாகவே ஜெயிக்கும். 'கேமரா எது?' என்று மட்டும் கேட்டால் ஏன் பதில் கிடைப்பதில்லை என்று இப்போது புரியும்.

மங்கலான பின்னணி

முகம் மட்டும் பளிச்சென்று, பின்னால் எல்லாம் கரைந்துபோன படங்களுக்குப் பெரிய சென்சார்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் வாயின் வேலைதான். ஒரே இடத்தில் நின்று, ஒரே அகலக் காட்சியை எடுத்தால், பின்னணி எவ்வளவு கரையும் என்பது வாயின் அகலத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன 25 எஃப் 1.2 தருவதும், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப் 2.4 தருவதும் ஒரே அளவுக் கரைசல். ஃபுல் ஃபிரேமில் 50 எஃப் 1.2 லென்ஸ்கூட உண்டு. அதன் வாய் கிட்டத்தட்ட 42 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதற்கு ஈடுகட்ட 25 மி.மீ. எஃப் 0.6 வேண்டும். ஆட்டோஃபோகஸோடு அப்படி ஒரு லென்ஸ் கிடையாது. கல்யாணத்தில் மாலை நேர முகங்களை எடுத்துப் பிழைப்பவர்கள் ஃபுல் ஃபிரேமை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டு, "சின்ன சென்சாரில் எல்லாமே தெளிவாக வரும், பூச்சி எடுக்க அதுதான் நல்லது" என்பார்கள். பாதி உண்மை. ஓஎம்-1-ல் எஃப் 5.6 தரும் தெளிவின் ஆழம் வேண்டுமானால் ஃபுல் ஃபிரேமில் எஃப் 11-க்கு மூடவேண்டும், ஐஎஸ்ஓவை 4 மடங்கு ஏற்றவேண்டும். ஏற்றினால் இரண்டு படமும் ஒன்றாகிவிடும். அதாவது சின்ன சென்சார் இங்கே கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. ஆனால் பூச்சி எடுப்பவர்கள் தரையில் படுத்து, ஒரு கையால் இலையைப் பிடித்துக்கொண்டு எடுப்பவர்கள். அவர்களுக்குக் கேமரா சின்னதாக இருப்பதே பெரிய வரம். அது ஒளியியல் அல்ல, முழங்கை விஷயம்.

வெயிலில் கதை மாறும்

இவ்வளவு நேரம் லென்ஸின் வாயையே பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. மங்கிய வெளிச்சத்தில் வாய்தான் ராஜா. ஆனால் உச்சி வெயிலில், ஒரு மலைச்சரிவை எடுக்கிறீர்கள் என்றால், வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே கேள்வி வேறு. எவ்வளவு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது?

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குழி. நிரம்பினால் வெள்ளையாகிவிடும், அதற்குமேல் வாங்காது. பெரிய சென்சாரில் குழிகளின் மொத்தக் கொள்ளளவு அதிகம். மேகம் வெளுத்துப்போகாமல், அதே சமயம் பாறை நிழலிலும் விவரம் இருக்கவேண்டும் என்றால் இந்தக் கொள்ளளவுதான் காப்பாற்றும். இசட் 8-ன் தொடக்க ஐஎஸ்ஓ 64. ஓஎம்-1-க்கு 200. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்ணை வைக்கும் விதம் மாறுவதால் இரண்டையும் நேராக வகுத்துப் பார்க்காதீர்கள். திசையை மட்டும் பாருங்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் அதிக வெளிச்சம் வாங்க, பெரிய பரப்புக்குத்தான் முடியும். பிறகு கணினியில் நிழல்களை ஏற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிழலில் இருக்கும் பாறை பெரிய சென்சாரில் மண் நிறமாகவே வரும், சின்னதில் மெல்லிய புள்ளி தட்டும். நாய்ஸ் என்றால் இரவுப் படம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. சென்சார் அளவு தன் பலத்தை எந்த லென்ஸ் கணக்குக்கும் அடங்காமல் காட்டுவது நல்ல வெளிச்சத்தில்தான்.

ஓஎம்-1 இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. சென்சாரை முடியளவுக்கும் குறைவாக நகர்த்தி, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கேமராவே அவற்றை ஒன்றாக்குகிறது. கையில் பிடித்தபடியே 50 மெகாபிக்சல், டிரைபாடில் 80. பல முறை எடுத்துச் சேர்ப்பதால் மொத்த வெளிச்சமும் கூடுகிறது, நாய்ஸும் குறைகிறது. பாறை, கட்டடம் என்றால் அருமை. காற்றில் ஆடும் புல் என்றால் கஷ்டம்.

சின்ன சென்சார் எடை குறைவு, அதனால் கை ஆட்டத்துக்கு எதிராக அதை அசைப்பது சுலபம். ஓஎம்-1 கேமராவுக்குள்ளேயே 7 ஸ்டாப் வரை ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் என்கிறது அதைச் செய்த நிறுவனம். இசட் 8-க்குச் சொல்லப்படுவது 6. அசையாத பொருளைக் குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும்போது ஷட்டரை நீளமாகத் திறந்துவைத்து, வாயில் விட்டதை நேரத்தில் பிடித்துவிடலாம். இரவில் ஓர் ஓடையை டிரைபாட் இல்லாமல் பால் மாதிரி எடுக்கலாம். அதே இருட்டில் ஒரு குழந்தை ஓடினால் இந்த 7 ஸ்டாப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆடுவது நம் கை அல்லவே, குழந்தைதானே.

வேகத்தைப் பற்றி இரண்டு வரி போதும். இரண்டு கேமராக்களிலும் இருப்பது 'ஸ்டேக்ட்' வகைச் சென்சார், படத்தை மளமளவென்று படித்து அனுப்பும். இசட் 8-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. நொடிக்கு 20 ரா (பதப்படுத்தாத) படங்கள் எடுக்கும். ஓஎம்-1, குறிப்பிட்ட சில லென்ஸ்களோடு, ஃபோகஸைத் தொடர்ந்தபடியே நொடிக்கு 50 எடுக்கும். இதற்குமேல் வேகம் கூடினால் நமக்குத்தான் வேலை. மாலையில் உட்கார்ந்து 3,000 படத்தைச் சலிக்கவேண்டும். வீடியோதான் முதல் வேலை என்பவர்களுக்கு இசட் 8-ல் 8கே உண்டு, ஓஎம்-1 4கே-யோடு நின்றுவிடும். அவர்கள் இவ்வளவு நீளம் படித்திருக்கவே வேண்டாம்.

அப்படியானால் சின்னது எதற்கு?

மேலே சொன்ன ஜோடிகளைப் பார்த்துவிட்டு, ஒரே எடைக்குப் பெரியதே அதிகம் தருகிறதே என்று தோன்றலாம். அந்த ஜோடிகளை நான் வேண்டுமென்றே பொறுக்கினேன். இப்போது மறுபக்கம்.

ஓஎம்-1-க்கு 12-40 எஃப் 2.8 என்று ஒரு ஜூம் லென்ஸ். 382 கிராம். 40-150 எஃப் 4 என்று இன்னொன்று, அதுவும் 382 கிராம். கேமராவோடு மூன்றும் சேர்த்து 1,363 கிராம். ஃபுல் ஃபிரேமில் 24-ல் தொடங்கி 300 மி.மீ. வரை தரும் காட்சிகள் இதில் அடக்கம், தூசும் தூறலும் தாங்கும் கட்டமைப்போடு. இசட் 8-க்குத் தொழில்முறைக்காரர்கள் வழக்கமாக வாங்கும் ஜோடி 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 2.8. கேமராவோடு சேர்த்தால் ஏறக்குறைய 3 கிலோ வரும்.

விளம்பரங்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும். அது நியாயமில்லை, ஏனென்றால் வாய்கள் சமமில்லை. 12-40 எஃப் 2.8-ன் வாய், ஃபுல் ஃபிரேமில் எஃப் 5.6 லென்ஸின் வாய். 40-150 எஃப் 4-ன் வாய், அங்கே எஃப் 8-ன் வாய். ஆனால் ஃபுல் ஃபிரேமில் முழு ஜூமும் எஃப் 8-ல், நல்ல கண்ணாடியில், மழை தாங்கும்படி ஒரு 80-300 லென்ஸ் வேண்டும் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்றைச் செய்வதில் பெரிய சென்சார்க் கம்பெனிகளுக்கு ஆர்வம் இல்லை. 'எஃப் 8' என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் உண்மையான பலம் என் கணக்கில் இதுதான். கொஞ்சம் சின்ன வாயை ஏற்றுக்கொண்டால், உயர்தரக் கண்ணாடியைப் பையில் போட்டு மறந்துவிடும் எடையில் தருகிறது. பகல் வெளிச்சத்தில் நடந்து திரிந்து எடுப்பவருக்கு எஃப் 8-ன் வாய் தாராளமாகப் போதும்.

ஓஎம் என்ற பெயருக்கும் இதில் ஒரு தொடர்ச்சி உண்டு. ஃபிலிம் காலத்தில், 1972-ல், ஒலிம்பஸ் எம்-1 என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்து, பிறகு அதற்கே ஓஎம்-1 என்று பெயர் மாற்றியது. அதன் பெருமையும் மற்றவற்றைவிடச் சின்னதாக, எடை குறைவாக இருந்ததுதான். வேடிக்கை என்னவென்றால் அது எடுத்தது 36-க்கு 24 மி.மீ. படம்.

நீங்களே பார்த்துக்கொள்ள

வாய்ப்புக் கிடைத்து இரண்டு கேமராக்களும் கைக்கு வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். நின்ற இடத்தை மாற்றாதீர்கள். இரண்டிலும் காட்சியின் அகலம் ஒன்றாக இருக்கட்டும். ஷட்டர் ஒன்றாக இருக்கட்டும். சின்ன சென்சாரில் எஃப் 2.8 என்றால் பெரியதில் எஃப் 5.6 வையுங்கள், ஐஎஸ்ஓ 400 என்றால் அங்கே 1600. பிறகு இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, யாரிடமாவது கொடுத்து, எது எதில் எடுத்தது என்று கேளுங்கள். கேமராவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆட்களே தடுமாறுவார்கள். அப்புறம் பெரியதில் எஃப் எண்ணை 2.8-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 400 ஆக்கி இன்னொரு படம் எடுங்கள். இப்போது தெரியும் வித்தியாசம்தான் அந்தக் கூடுதல் கிராம்களுக்கு நீங்கள் வாங்குவது.

சுருக்காமல், திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூக்கை ஒட்டிப் பார்த்து ஒப்பிடாதீர்கள். 45 மெகாபிக்சல் படத்தை அப்படிப் பார்ப்பது, பெரிய சுவரொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்று பார்ப்பது. 20 மெகாபிக்சலைப் பார்ப்பது, அதைவிடச் சின்னச் சுவரொட்டிக்கு அதே தூரத்தில் நிற்பது. முதலாவதில் புள்ளிகள் அதிகம் தெரிந்தால் அது கேமராவின் குற்றம் இல்லை.

என்னைக் கேட்டால், இருட்டில் அசையும் மனிதர்களையோ, விடியற்காலைப் பறவையையோ, பெரிதாக அச்சடிக்கும் இயற்கைக் காட்சியையோ எடுத்துச் சம்பாதிப்பவர் இசட் 8 பக்கம் போகலாம், அதற்கேற்ற வாயுள்ள லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவைத்துக்கொண்டு. லென்ஸுக்குப் பணம் மிஞ்சாது என்றால் அந்தக் கேமராவை வாங்குவதில் அர்த்தமில்லை. மலை ஏறுபவர், பூச்சி தேடுபவர், நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டி நடப்பவர் ஓஎம்-1-ஐக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். கடைக்குப் போகும்போது கேமராவின் எடையைத் தனியாகக் கேட்காதீர்கள். நீங்கள் தினமும் மாட்டப்போகும் லென்ஸை மாட்டச் சொல்லி, இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.